அனுப்புநர்: சென்னியப்பன்

செத்துப் போனவர், செத்த பிறகு முப்பத்து நான்கு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு செய்தி அனுப்பியிருந்தார். புதன்கிழமை மத்தியானம் திரையில் இந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எண் மாறவில்லை. பிறகு என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன். எட்டு வருடமாக இதே வேலை, இதுவரை எந்தப் பிணமும் என்னை இப்படிக் குழப்பியதில்லை.

என் பெயர் எஸ்தர். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மறுகுரல் நிலையத்தில் வார்த்தை பிரிக்கிறவள். இறந்தவரின் குரலை இயந்திரத்தில் ஏற்றிப் பேச வைப்பதற்குத்தான் மறுகுரல் என்று பெயர். ஆரம்பத்தில் இயந்திரம் தானாகவே ஊகித்துப் பேசிக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தபோது சொல்லாததையெல்லாம் செத்தவர்கள் சொன்னார்கள். எந்தக் குடும்பத்தில்தான் இது அடிதடியில் முடியாது? அப்புறம் சட்டம் வந்தது. மறுகுரல் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது, இறந்தவர் எழுதியதும் பேசியதும் மட்டுமே வர வேண்டும், எந்த விதியால் எடுத்தோம் என்று தாளில் அச்சடித்துக் காட்ட வேண்டும், எதை எப்போது பேசவைப்பது என்பதை ஒரு ஆள்தான் பொத்தான் அழுத்தித் தீர்மானிக்க வேண்டும். இப்படியாக, எல்லோரும் மறந்துபோன ரெஜெக்ஸ் என்கிற பழைய தேடல் வரிக்கு மறுபடி மவுசு வந்தது. எனக்கும் சோறு கிடைத்தது.

ஆனால் கேட்கிறவரிடம் இது மறுகுரல்தான் என்று சொல்லியாக வேண்டுமா என்பதைப் பற்றி மட்டும் அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. அந்தச் சந்தில்தான் துளசிமணியம்மா உள்ளே வந்தார்.

திங்கட்கிழமை காலையில் மகன் கவினோடு வந்தார். அறுபது வயது இருக்கும். மடியில் புருஷனுடைய பழைய போன். புருஷன் சென்னியப்பன் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டியவர், போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். மகள் தாரணி நெதர்லாந்தில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம்.

"மூணாவது தடவைங்க அம்முணி," என்றார் துளசிமணியம்மா. "ரெண்டு தங்காமப் போயிருச்சு. அதிர்ச்சியே கூடாதுன்னு அந்த ஊரு டாக்டரு சொல்லியிருக்காங்க. அதனால அவளுக்கு விஷயத்தைச் சொல்லல. கொழந்தை பொறக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாதுங்க."

"இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"தொண்டையில ஆபரேஷன், டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கோம்," என்றான் கவின். "அம்மா வேற வாய் தவறி, வர்ற வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அப்பா பேசுவாருன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நிமிஷம் பேசினாப் போதுங்க மேடம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நம் வீடுகளில் இது புதிதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம், பரீட்சை எழுதுகிறவனுக்குச் சொல்ல மாட்டோம், வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் சொல்வோம். எனக்குச் சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. ஒப்புக்கொண்டேன்.

போனிலிருந்த உரையாடலை அப்படியே ஒரு கோப்பாக இறக்கினேன். கவின் எட்டிப் பார்த்தான். ‹அனுப்புநர்›சென்னியப்பன்‹/அனுப்புநர்› என்று தொடங்கி, நாள், நேரம், பிறகு செய்தி, எல்லாமே இப்படிக் கோண அடைப்புக்குள் பெயர் போட்ட துண்டுகள். ஒன்பது வருடக் கதை.

"இதுல அப்பா பேசினதை மட்டும் எப்படிங்க எடுப்பீங்க?"

"கல்யாண மண்டபத்துல சீர்த்தட்டு அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சீட்டு இருக்கும். அந்த மாதிரிதான். 'சென்னியப்பன்னு சீட்டு ஒட்டின தட்டை மட்டும் எடு, துணியை விலக்கு, உள்ள இருக்கறதைக் கொண்டா'ன்னு ஒரு வரி எழுதுவேன். அந்த வரிதான் ரெஜெக்ஸ். அது யோசிக்காது, ஊகிக்காது. சீட்டைப் பார்க்கும், எடுக்கும். அதனாலதான் கோர்ட்டும் அதை நம்புது."

"தப்பே வராதுங்களா?"

"எழுதறவ தப்பா எழுதினா வரும். 'எது வந்தாலும் அள்ளு'ன்னு விட்டோம்னா அது பேராசைக்காரன். முதல் தட்டுல கையை வெச்சா கடைசித் தட்டு வரைக்கும் மொத்தமா வாரிக்கிட்டு வந்துடும், அடுத்தவன் தட்டும் சேர்ந்து வரும். 'முதல் மூடி வந்ததும் நில்லு'ன்னு சொல்லணும். நான் சொல்லிடுவேன்."

துளசிமணியம்மா முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது செய்தி வந்தது. ஒரு லேத் ஆபரேட்டர் மகளுக்கு இவ்வளவு எழுதியிருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தே போய்விட்டது. என் அப்பா எனக்கு எழுதியது மொத்தம் ஒரு கடிதம். அதிலும் பாதி, கரண்ட் பில் கட்டச் சொல்லி. பம்பு கம்பெனி சங்கக் கூட்டத்தில் சென்னியப்பன் பேசிய வீடியோவிலிருந்து குரலை எடுத்து, செய்திகளோடு இணைத்து, புதன்கிழமை அம்மாவையும் மகனையும் வரச் சொல்லிக் கேட்க வைத்தேன்.

கரகரப்பான ஆண் குரல் பேசியது. "கண்ணு, கால் வீங்குதுன்னா தலகாணி வெச்சு மேல தூக்கிப் படு. முருங்கக்கீரை ராத்திரில சாப்பிடாத, செமிக்காது. தலைக்கு ஊத்தினா நல்லாத் தொவட்டு. ஈரத்தோட வெளிய போகாத சாமி."

கவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "குரல் அப்பாதுங்க. ஆனா இது அப்பா இல்லீங்க. எங்கப்பா ஒரு வருஷத்துக்குப் பேசறதையே இது ஒரு மூச்சுல பேசிருச்சு. முருங்கக்கீரை எப்ப செமிக்கும்னு அவருக்கு என்னங்க தெரியும்?"

"எழுத்துல ஒருத்தர் வேற மாதிரி இருப்பாங்க," என்றேன். "நேர்ல பேசாதவங்கதான் நிறைய எழுதுவாங்க."

"அவருக்கு எழுதவும் வராதுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை யாராவது குறை சொன்னால் வருகிற எரிச்சல் அது. வரியைச் சரிபார்க்கிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தேன். பேராசைக்காரத்தனம் ஏதும் நடந்திருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு செய்தியின் மேலும் சென்னியப்பன் சீட்டு ஒழுங்காக ஒட்டியிருந்தது. வேறு யாருடைய தட்டும் கலக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. வரி சரி, சீட்டு சரி, ஆள் மட்டும் எப்படித் தப்பாவார்?

சான்றிதழில் முதல் செய்தி, கடைசிச் செய்தி இரண்டுக்கும் தேதி எழுத வேண்டும். சரி, அதையாவது முடிப்போம் என்று தேதிகளைப் பிரித்தபோதுதான் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றது. கடைசிச் செய்தி போன திங்கட்கிழமை காலை, அவர்கள் என் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால். "அப்பாவுக்குத் தொண்டை பரவால்ல கண்ணு. நீ வெசனப்படாத."

வியாழக்கிழமை துளசிமணியம்மாவைத் தனியாக வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தார். தேதிப் பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன். படிக்கவில்லை. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவரு போனப்புறம் எழுதினது நான்தானுங்க," என்றார்.

"அது புரியுதும்மா. அதுக்கு முன்னாடி எழுதினது?"

முந்தானை மறுபடி முறுக்கேறியது. "அதுவும் நான்தானுங்க."

"எல்லாமா?"

"அவருக்கு டைப் அடிக்க வராதுங்க. வெரலெல்லாம் லேத்துல காப்புக் காச்சிப்போயி, ஒண்ணை அமுக்கினா மூணு விழுகும். இவ படிக்கப் போன புதுசுல 'அப்பா எங்கிட்டப் பேசறதே இல்ல, அப்பாவுக்கு எம்மேல பாசமில்ல'ன்னு ஒரே அழுகை. போனைக் குடுத்தா 'ம்'முங்கறாரு, 'இரு, அம்மா பேசுவா'ங்கறாரு, எங்கிட்டத் திருப்பிக் குடுத்தர்றாரு. நான் என்னதான் பண்ணட்டும்? ஒருநாள் அவரு நம்பர்ல இருந்து 'சாப்டியா கண்ணு'ன்னு எழுதிப் போட்டேன். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. அப்புறம் நிறுத்த முடியலீங்க. நிறுத்தினா அப்பாவுக்குக் கோவம்னு நெனைப்பால்ல?"

"அவருக்குத் தெரியுமா?"

துளசிமணியம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "தெரியாமயா? வேலை முடிஞ்சு வந்து கை கழுவிட்டு, 'இன்னிக்கு நான் என்ன பேசினேன்?'னு கேப்பாருங்க. படிச்சுக் காட்டுவேன். 'நல்லாத்தான் பேசியிருக்கேன்'ம்பாரு."

எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒன்பது வருடமாக ஒரே போனில் இரண்டு பேர் வாழ்ந்திருக்கிறார்கள், நான் சீட்டைப் பார்த்துவிட்டு ஒருத்தர் என்று நம்பியிருக்கிறேன். நம் ஊரில் ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று நினைப்பதே தப்பல்லவா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, இதை அவர் குரல்ல பேசவைக்க முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் அவருதுன்னு நான் கையெழுத்துப் போடணும். ஒண்ணுகூட அவருது இல்ல."

அவர் முகம் வெளிறியது. "நாளைக்குப் பேசுவாருன்னு சொல்லிட்டனுங்க."

அவர் எதிரிலேயே இன்னொரு வரி எழுதினேன். சென்னியப்பன் என்று சீட்டு இருக்க வேண்டும், கூடவே செய்தியின் வகை 'குரல்' என்று இருக்க வேண்டும். எழுத்தை யாரும் அடிக்கலாம், குரல் அவருடையதாகத்தானே இருக்கும்? ஒன்பது வருடத்துக்குப் பதினொன்று வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டோம். "ம். சாப்டியா? இரு, அம்மா பேசுவா." அடுத்தது, "ம்." அடுத்தது, "இதுல எங்க பேசறது துளசி? இங்கயா? ம். சாப்டியா?" பதினொன்றும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு மனிதனைச் சுத்தமாகப் பிரித்து எடுத்தால் மிஞ்சியது உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

"போதுங்க அம்முணி," என்றார் துளசிமணியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு போன்ல இவ்வளவுதான் பேசுவாரு. இதான் அவரு."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே தனியாக வந்துவிட்டார். கையில் டிபன் டப்பா, அதில் எனக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம். சாப்பிட்டு முடித்து, பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சுகருங்க. இருவது வருசமா இருக்குது. அவருக்கு ஒண்ணும் கிடையாது, கல்லாட்டம் இருந்தாரு. கல்லுதான் மொதல்ல சாஞ்சிருச்சு."

போனை என் இயந்திரத்தோடு இணைத்தேன். எந்தக் கேள்விக்கு எந்த 'ம்' பொருந்தும் என்று பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது என்று தோன்றியது. அதற்கு அந்தப் பெண் எப்படிப் பேசுவாள் என்று தெரிய வேண்டும். இத்தனை நாள் அவள் எழுதியதை நான் பார்க்கவே இல்லை. எனக்கு வேண்டியது சென்னியப்பன் சீட்டு மட்டும்தானே! சீட்டில் பெயரை மாற்றித் தாரணி என்று போட்டு, கடைசி இரண்டு மாதத்தை எடுத்தேன்.

அப்பா இறப்பதற்கு முன்னால் எழுதியவை, "லேத் எப்படிப்பா ஓடுது", "பழனி போனீங்களா", "இங்க பனி கொட்டுது பாருங்க". சாதாரணம்.

இறந்த அன்று அவளிடமிருந்து எதுவும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள்: "அப்பா, தூங்குனீங்களா? தனியாப் படுக்காதீங்க. கவினைப் பக்கத்துல படுக்கச் சொல்லுங்க."

ஐந்தாம் நாள்: "சுகர் மாத்திரையை விட்டுறாதீங்கப்பா."

அந்த வரியில் நின்றுவிட்டேன். சுகர் யாருக்கு?

பதினாறாம் நாள்: "இன்னிக்கு வீட்ல வேலை நெறைய இருக்கும். நின்னுட்டே இருக்காதீங்க. எல்லாரும் போனதும் கொஞ்சம் படுங்க." பதினாறாம் நாள் கருமாதி. அதற்கு வந்த பதில், "சரி கண்ணு."

போன வாரம்: "அப்பா பேசலைன்னாலும் பரவால்ல. அவசரமே இல்ல. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் தைரியமா இருக்கேன்."

அவளுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். சங்கத்துக்காரர்கள் போட்ட கண்ணீர் அஞ்சலிப் படம் எங்கேயோ கண்ணில் பட்டிருக்கலாம், யாரோ உறவுக்காரர் உளறியிருக்கலாம். எப்படியோ தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் தனியாக அழுதிருக்கிறாள். அப்புறம், அப்பா பெயரில் எழுதிக்கொண்டிருக்கும் அம்மாவை, அப்பா என்றே கூப்பிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோவாள் என்று பயந்திருக்க வேண்டும். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குத் தலைசுற்றியது.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு. அப்பா இல்லை என்று தெரிந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் காதில் இன்னும் எட்டு நிமிடத்தில் அப்பாவின் குரல் விழப்போகிறது. அதிர்ச்சியே கூடாது என்றுதானே இவ்வளவும்?

"அம்மா, இன்னிக்கு வேண்டாமே," என்றேன். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"ஐயோ, சொன்னாச் சொன்னபடி பேசோணும் கண்ணு. இல்லாட்டிச் சந்தேகம் வந்துரும். அப்புறம் அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். 'அவளுக்குத் தெரியும்' என்கிற இரண்டு வார்த்தைதான். அதைச் சொன்னால் அந்த அம்மாவின் இத்தனை நாள் தைரியம் அந்த இடத்திலேயே சரிந்துவிடும். மகளுக்காக மட்டுமே அழாமல் நின்றுகொண்டிருக்கிறவர். வாயை மூடிக்கொண்டேன்.

"முகம் கழுவிட்டு வாங்கம்மா, வேர்த்திருக்கு," என்றேன். அவர் எழுந்து போனதும், என் தொழிலில் யாரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். இறந்தவரின் போனிலிருந்து எழுதினேன்.

"நான் எஸ்தர், மறுகுரல் நிலையம். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. இன்னும் சிறிது நேரத்தில் அப்பாவின் குரல் வரும். அது இயந்திரம். வேண்டாமென்றால் கூப்பிடாதீர்கள், லைன் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்."

படித்துவிட்டாள் என்று அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. செய்தியை இரண்டு பக்கமும் அழித்தேன். துளசிமணியம்மா வந்து உட்கார்ந்தார். மூன்று மணி ஆயிற்று. மூன்று ஐந்து ஆயிற்று. கூப்பிட மாட்டாள் என்று நிம்மதியாக மூச்சு விட்டபோது போன் அடித்தது.

"அப்பா?"

பொத்தானை அழுத்தினேன்.

"ம். சாப்டியா?"

துளசிமணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்டேன்ப்பா," என்றது அந்தக் குரல். நிதானமாகத்தான் இருந்தது.

"இரு, அம்மா பேசுவா."

"அம்மா அப்புறம் பேசட்டும். நீங்க இன்னொருக்காக் கேளுங்க."

அழுத்தினேன். "ம். சாப்டியா?"

"சாப்டேன். ரசஞ்சோறு. இன்னொருக்கா."

இப்படி ஆறு தடவை கேட்டாள். ஆறு தடவையும் சென்னியப்பன் சாப்டியா என்றார். ஆறு தடவையும் அவள் வேறு வேறு பதில் சொன்னாள். கடைசியில், "சரிப்பா. அம்மாட்டக் குடுங்க," என்றாள். துளசிமணியம்மா போனை வாங்கி, தொண்டை இன்னும் முழுசாக ஆறவில்லை, அதனால்தான் சொன்னதையே சொல்கிறார் என்று சமாளித்தார். மகள் அதற்கும் சரி என்றாள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள்.

வைத்ததும் துளசிமணியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா அம்முணி, ஒண்ணுமே தெரியல அவளுக்கு! பாவம், அப்படியே நம்பிட்டா."

"ஆமாங்கம்மா," என்றேன்.

அவர் டிபன் டப்பாவைக் கழுவப் போனபோது போன் மினுக்கியது. தாரணிதான். "மேடம், அடுத்த வெள்ளிக்கிழமையும் வேணும். எனக்காக. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

படித்தேன். அழித்தேன். துளசிமணியம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"யாரு? தாரணியா? என்னங்கறா?"

"அப்பா அடுத்த வெள்ளிக்கிழமையும் பேசணுமாம்."

"அவ்வளவுதானா," என்று சிரித்தார் அவர். "சரின்னு சொல்லிப்போடு."

சென்னியப்பன் போனைக் கையில் எடுத்தேன். "சரி கண்ணு" என்று எழுதி அனுப்பினேன்.